தெள்ளும் தெளிவும்

தமிழ்ச் சொற்களுள் சில ஒரே வடிவத்தில் இரு பொருளைத் தாங்கி நிற்கும். 'தெள்ளு' என்பது அத்தகைய சொல். வினையாகக் கொண்டால், முறத்தில் இட்ட அரிசியை மெல்லத் தட்டி, நொய்யையும் தவிட்டையும் பிரித்தெடுப்பதைக் குறிக்கும். பெயராகக் கொண்டால், எலி, பூனை, நாய் முதலியவற்றின் மயிரிடையே வாழ்ந்து, குருதி உண்டு, தொட்டால் துள்ளி மறையும் சிறகற்ற சிறு பூச்சியைக் குறிக்கும். இவ்விரண்டுக்கும் வேர் ஒன்றா, வேறா என்று ஆராய நான் வரவில்லை. என் தந்தையாரின் வாழ்வில் இவ்விரு பொருளும் ஒன்றாகிவிட்டன. அதை நான் உணர்ந்துகொள்ள நெடுநாள் ஆயிற்று. அந்தக் காலத்தாழ்வைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் தந்தையார் கோலாலம்பூரில் ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தில் கடைநிலைப் பணியாளராய் இருந்தார். மாலையில் கடைத்தெருவுக்குச் சென்று, அரிசி மண்டிகளிலும் மளிகைக் கடைகளின் பின்கட்டிலும் எலிப்பொறிகளை வைப்பார். விடியுமுன் சென்று, பொறியில் அகப்பட்ட எலிகளைத் துணிப்பைகளில் இட்டு, வாய் கட்டி, மிதிவண்டியில் கொண்டுவருவார். எலியை மயக்க மருந்தால் கொன்று, வெள்ளை எனாமல் தட்டின்மேல் பிடித்துச் சீப்பால் வாருவார். உதிரும் தெள்ளுகளை ஈரத் தூரிகையின் நுனியால் தொட்டெடுத்துச் சாராயம் நிறைந்த சிறு கண்ணாடிக் குழாயில் இடுவார். எந்த எலி, எந்த இடம், எந்த நாள் என்பதைச் சிறிய தாள் துண்டில் பென்சிலால் எழுதி அக்குழாய்க்குள்ளேயே போட்டு மூடுவார். மையால் எழுதினால் சாராயத்தில் கரைந்துவிடும் என்பார். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். ஆயினும் அந்தத் தாள் துண்டுகளில் ஓர் எழுத்துப் பிழையையும் நான் கண்டதில்லை.

அந்நாளில் எனக்கு அவர் தொழில் பெருமையாகப் படவில்லை. தெருப்பிள்ளைகள் அவரை 'எலிக்காரர்' என்றார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள், ஆசிரியர் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொருவரிடமும் தந்தையின் தொழிலைக் கேட்டு எழுதினார். என் முறை வந்தது. "கிராணி" என்று சொன்னேன். ஆசிரியர் நிமிர்ந்து பாராமல் எழுதிக்கொண்டார். அந்த ஒரு சொல் ஆண்டு முழுவதும் அந்தப் பதிவேட்டில் இருந்தது.

சில வாரங்கள் கழித்து, அதே ஆசிரியர் செய்யுட் பாடம் நடத்துகையில் 'தெள்ளுதல்' என்னும் சொல் வந்தது. பொருள் கேட்டார். ஒருவரும் எழவில்லை. நான் எழுந்து, "தெள்ளு என்பது எலியின் உடம்பில் இருக்கும் பூச்சி, ஐயா" என்றேன். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. அகராதியை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அவன் சொன்னதும் உண்மை, நான் கேட்டது வேறு. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். பிறகு என்னை நோக்கி, "உனக்கு இச்சொல் எப்படித் தெரியும்?" என்று வினவினார். "பாட்டி சொன்னார்" என்றேன். அது என் இரண்டாவது பொய்.

அவ்வாண்டு விடுமுறையில், என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாத ஒரு நாள், அப்பா என்னை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார். அதிகாரி நல்லவர், ஒரு மூலையில் உட்கார இசைந்தார். நண்பகலில் அவர் உணவுக்குச் சென்றபின், அப்பா ஒரு நுண்ணோக்கியின் முன் என்னை நிறுத்தி, இரண்டு கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றி வைத்தார். ஒன்று எங்கள் நகரத்துத் தெள்ளு. மற்றது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சென்னையிலிருந்து வந்தது.

"என்ன தெரியுது?"

"ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா."

"அவசரப்படாதே. வயித்துக்குள்ள கறுப்பா வளைஞ்சு ஒரு பை இருக்கு பாரு. அதுக்குத் தலை உண்டு, வால் உண்டு. ஒண்ணுல தலை பெருத்து வால் சிறுத்திருக்கும். இன்னொண்ணுல ரெண்டும் ஏறக்குறைய ஒரே பருமன். இது ஒரு சாதி, அது ஒரு சாதி."

நான் மீண்டும் பார்த்தேன். நெடுநேரம் பார்த்தபின் வேறுபாடு தெரிந்தது. தெரிந்தபின் அதைக் காணாதிருக்க என்னால் இயலவில்லை. "இவ்வளவுதானா? இதைக் கண்டுபிடித்து என்ன பயன்?" என்று கேட்டேன். "அதெல்லாம் படிச்சவங்களுக்குத் தெரியும். நமக்குப் பிரிச்சு வைக்கிறதுதான் வேலை" என்றார் அப்பா. அந்த வினாவுக்கு விடை காண நான் ஆசிரியனாகி, நூலகங்களில் தேடும் பழக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்பா காட்டிய இரு தெள்ளுகளும் 'செனோப்சில்லா' என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. உலகில் ஏறத்தாழ 2,500 வகைத் தெள்ளுகள் உண்டு. அவற்றுள் இப்பேரினத்தில் அடங்குவன எண்பது அளவில் இருக்கும். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குத் தாயகம் ஆப்பிரிக்கா. பல தெள்ளுகளின் தலையிலோ மார்பிலோ சீப்புப் பற்களைப் போன்ற முள்வரிசை உண்டு. இப்பேரினத்துக்கு அது இல்லை. மனிதத் தெள்ளுக்கும் அவ்வரிசை இல்லை. எனவே இவ்விரண்டையும் தொடக்கத்தில் ஒரே பேரினத்தில் அடக்கினார்கள். ஆனால் செனோப்சில்லாவின் நடுமார்பின் பக்கத்தில், மேலிருந்து கீழாக ஒரு தடித்த கோடு ஓடும். மனிதத் தெள்ளில் அக்கோடு இல்லை. அந்த ஒரு கோடு இரு பேரினங்களைப் பிரிக்கும் எல்லைக்கோடு ஆயிற்று.

இதில் பெரும்பணி ஆற்றியவர் இங்கிலாந்து நாட்டுச் சார்லஸ் ரோத்சைல்டு. பெரும் வங்கிக் குடும்பத்தில் பிறந்து வங்கிப் பணியே செய்தவர். ஆயினும் அவர் உள்ளம் தெள்ளுகளிடம் இருந்தது. சூடான் நாட்டில், நைல் ஆற்றங்கரையிலுள்ள ஷெண்டி என்னும் ஊர்ப்பக்கம் கிடைத்த ஒரு தெள்ளை அவர் 1903-ஆம் ஆண்டு விவரித்தார். பெரிய கூர்ங்கோபுரத்தை எழுப்பிய கியோப்ஸ் மன்னனின் பெயரால் அதற்குக் 'கியோப்பிஸ்' என்று பெயரிட்டார். கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் பூச்சிக்குக் கற்கோபுரம் கட்டிய மன்னனின் பெயர்! 'செனோப்சில்லா' என்னும் பேரினப் பெயர் 1907-இல்தான் வந்தது.

அக்காலத்தில் இந்தியா கொள்ளைநோயின் பிடியில் இருந்தது. 1896-இல் பம்பாயில் தோன்றிய அந்நோய், அடுத்த சில பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. எலியிலிருந்து மனிதனுக்கு அதைக் கொண்டுவருவது தெள்ளே என்று பிரெஞ்சு மருத்துவர் சீமோன் 1898-இல் கராச்சியில் ஆய்ந்து சொன்னார். பலர் நம்பவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் பம்பாயில் கூடிய ஆய்வுக்குழு அதனை உறுதிப்படுத்தியது. தெள்ளின் வயிற்றுக்குள் நோய்க்கிருமிகள் பெருகி இரைவழியை அடைத்துக்கொள்கின்றன. பசியால் வாடும் தெள்ளு மீண்டும் மீண்டும் கடிக்கிறது. உறிஞ்சிய குருதி உள்ளே செல்ல வழியின்றிக் கிருமிகளோடு திரும்பிக் கடிபட்டவர் உடலில் சேர்கிறது. இதை 1914-இல் பேக்கட், மார்ட்டின் என்னும் இருவர் கண்டறிந்தனர்.

ஆயினும் ஒரு புதிர் தீரவில்லை. பம்பாய் அழிந்துகொண்டிருந்தபோது, சென்னை நகரம் பெரும்பாலும் தப்பியது. சென்னையிலும் எலிகள் உண்டு, நெருக்கமான குடியிருப்புகள் உண்டு, வணிகம் உண்டு. நோய் பலமுறை உள்ளே வந்தது. ஆனால் வேர் ஊன்றவில்லை. எலித்தெள்ளு எல்லா இடத்திலும் ஒன்றே என்று எண்ணியவரை இதற்கு விளக்கம் கிடைக்கவில்லை.

1911-இல் ரோத்சைல்டு 'ஆஸ்தியா' என்னும் இனத்தைத் தனியே பிரித்துப் பெயரிட்டார். 1914-இல், இந்திய எலிகளில் வாழ்வது ஓர் இனமன்று, கியோப்பிஸ், ஆஸ்தியா, பிரசிலியென்சிஸ் என மூன்று இனங்கள் என்று தெளிவுபடுத்தி எழுதினார். அதே காலத்தில் கொழும்பு நகராட்சியின் நுண்ணுயிர் ஆய்வாளராக இருந்த ஹர்ஸ்ட், தம் நகரத்து எலிகளில் பெரும்பாலும் இருப்பது ஆஸ்தியா என்று கண்டார். ஆஸ்தியா கொள்ளைநோயைப் பரப்புவதில் வலிமை குன்றியது. ஆகவேதான் அவ்வூர் இதுவரை தப்பியது என்று கருதினார். அவர் கருத்தை இயற்கையே சோதித்தது. 1914-இன் தொடக்கத்தில் கொழும்பிலும் கொள்ளைநோய் தோன்றிற்று. ஹர்ஸ்ட் மனம் தளராமல் நோய் கண்ட இடங்களின் எலிகளை ஆராய்ந்தார். தானியக் கிடங்குகள் நிறைந்த பகுதியில், வெளியிலிருந்து வந்து குடியேறிய கியோப்பிஸ் அகப்பட்டது. அவர் கருத்து உடையவில்லை, உறுதியாயிற்று.

பின்னர்க் கிராக் என்னும் மருத்துவர், 1920-களின் தொடக்கத்தில் இந்தியா முழுவதிலுமிருந்து எலித்தெள்ளுகளைத் திரட்டி, இனம் பிரித்து, எண்ணி, நாட்டுப்படத்தில் குறித்தார். கியோப்பிஸ் மிகுந்த இடமும் நோய் மிகுந்த இடமும் பெரும்பாலும் ஒத்திருந்தன. சென்னையிலும் தென்கிழக்குக் கரையோரத்திலும் ஆஸ்தியாவே மிகுதி. வெப்பமும் ஈரமும் கூடிய கடற்கரையினும், மிதமான தட்பவெப்பமுள்ள உள்நாடே கியோப்பிஸுக்கு ஏற்றது. அதன் புழுக்கள் தரையில் சிந்திய தூசையும் கழிவையும் உண்டு வளர்வதால், தானியக் கிடங்கு அதற்குத் தொட்டிலாகிறது. மூட்டையில் ஏறி, வண்டியிலும் கப்பலிலும் அது ஊர் சுற்றுகிறது.

இதைப் படித்த இரவு எனக்கு என் அப்பத்தாவின் நினைவு வந்தது. அவர் பிறந்தது மதுரைக்கு மேற்கே கம்பம் பள்ளத்தாக்கு. சிறுவனாய் இருந்தபோது, அவர் "எங்க கம்பத்துல" என்று தொடங்கினால், நான் ஏதோ மலாய்க் கம்பத்தைச் சொல்கிறார் என்றே எண்ணுவேன். "கூரையிலிருந்து எலி செத்து விழுந்தா, சோத்துப்பானைய எடுத்துக்கிட்டு வீட்டைப் பூட்டிட்டுக் காட்டுல போயிக் குடிசை போட்டுக்குவோம். திரும்பி வர்றப்ப எல்லாரும் வர மாட்டாக" என்பார். தம் உடன்பிறந்தார் இருவரை அவர் அப்படி இழந்தார். சென்னை தப்பிய அதே மாநிலத்தில் கம்பம் பள்ளத்தாக்கும் சேலமும் கோயம்புத்தூரும் தப்பவில்லை. கோயம்புத்தூரில் மக்கள் பிளேக் மாரியம்மனுக்குக் கோயிலே எடுத்தார்கள். சென்னை மக்கள் செய்த புண்ணியமும் அன்று. கம்பத்து மக்கள் செய்த பாவமும் அன்று. வயிற்றுக்குள் வளைந்த ஒரு பையின் வடிவில், நானும் அப்பாவும் நுண்ணோக்கியில் கண்ட வேறுபாடே, இரு இனங்களையும் அவற்றின் வழியே இரு ஊர்களின் விதியையும் வேறு வேறாகக் காட்டியது. அப்பத்தா அறியாத விடையை அவர் மகன் நாள்தோறும் கையால் பிரித்துக்கொண்டிருந்தார். அவரும் அதை அறியவில்லை.

நம் நாட்டிலும் இப்பிரித்தறிதலுக்குச் சான்று உண்டு. 1920-களில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பணியாற்றிய பிளெட்சர், லெஸ்லர் என்னும் இருவர், அதுவரை ஒன்றாகக் கருதப்பட்ட ஒரு காய்ச்சலை இரண்டாகப் பிரித்தனர். ஒன்று நகரத்துக் கடைகளில் வேலை செய்வோருக்கு வருவது. மற்றது புல்லும் புதரும் மண்டிய இடங்களில் உழைப்போருக்கு வருவது. முன்னதைக் 'கடைக் காய்ச்சல்' என்றும், பின்னதைப் 'புதர்க் காய்ச்சல்' என்றும் தமிழில் சொல்லலாம். கடைக் காய்ச்சல் எலித்தெள்ளின் வழியே வருகிறது என்பதும், புதர்க் காய்ச்சல் புல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய சிற்றுண்ணிகளின் வழியே வருகிறது என்பதும் பின்னர்த் தெளிவாயின. தோட்டப்புறத்தில் நம்மவர் பலரைப் படுக்கையில் வீழ்த்தியது இரண்டாவது. கடைத்தெரு எலிகளைத் துரத்துவதால் தோட்டத்துக் காய்ச்சல் குறையாது. தோட்டத்துப் புதரை வெட்டுவதால் கடைக் காய்ச்சல் நீங்காது. பகைவன் யார் என்று அறியாமல் எடுக்கும் வாள், காற்றைத்தான் வெட்டும்.

என் தந்தையார் எலி ஒன்றுக்கு எத்தனை கியோப்பிஸ் என்று எண்ணிக் குறித்துக் கொடுத்ததும் இதற்காகவே. சராசரி ஒன்றுக்கு மேல் போனால், அது எச்சரிக்கை. அவர் 'எலிக்காரர்' அல்லர். நகரத்தின் வாயிற்காவலருள் ஒருவர்.

இப்பேரினத்தின் பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். பிரசிலியென்சிஸ் என்னும் இனத்துக்கு அப்பெயர் வந்தது, அதை முதலில் பிரேசில் நாட்டில் கண்டதால். ஆனால் அதன் தாயகம் ஆப்பிரிக்கா. கப்பலேறிப் போன இடத்தில் கண்டவர்கள், அந்த இடத்தின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார்கள். 'செனோப்சில்லா' என்னும் கிரேக்கச் சொல்லைப் பிரித்தால் 'அயல்தெள்ளு' என்று பொருள்படும். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்குக் கரையில் நோய்த்தடுப்பு முகாமில் நாள்களை எண்ணி, 'அயலார்' என்று பெயர்பெற்று வாழ்ந்த குடும்பத்தில் வந்த எனக்கு, அப்பெயரைப் படித்தபோது ஒரு புன்னகை தோன்றிற்று. அட்டையில் எழுதிய பெயரை மட்டும் நம்பக் கூடாது. உள்ளிருப்பதை நோக்க வேண்டும் என்பதற்கு இவ்விரு பெயர்களும் சான்று.

இன்னோர் இனத்தின் கதை நெஞ்சை விட்டு நீங்குவதில்லை. 1958 வரை சிங்கப்பூரிலிருந்து ஆளப்பட்ட கிறிஸ்துமஸ் தீவில், அத்தீவுக்கே உரிய ஒரு பெரிய எலி வாழ்ந்தது. அதன் உடலில் வாழ்ந்த தெள்ளுக்கு, ஜோர்டனும் ரோத்சைல்டும் 1908-இல் 'நெசியோட்டிஸ்' என்று பெயரிட்டனர். தீவில் வாழ்வது என்பது அதன் பொருள். பெயர் சூட்டும் வேளையிலேயே அதன் வீடு அழிந்துவிட்டது. 1899-இல் ஒரு கப்பலில் வந்திறங்கிய கறுப்பெலிகள் கொண்டுவந்த கிருமியால் தீவெலி நோயுற்றுச் சில ஆண்டுகளில் அற்றுப்போயிற்று. இருப்பதற்கு உடல் இன்றி அத்தெள்ளும் உடன் மறைந்தது. ஒருவர் சீப்பால் வாரி, குழாயில் இட்டு, இடமும் நாளும் எழுதி வைத்திராவிட்டால், அப்படி ஓர் உயிர் இருந்தது என்பதே தெரிந்திராது.

மாணவர்களே, வகைப்படுத்துதல் நமக்குப் புதிதன்று. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பிரித்துக் காட்டிய தொல்காப்பிய மரபு நம்முடையது. ஆனால் பிரித்தறிதல் வேறு. பிரித்து இழித்தல் வேறு. முன்னது அறிவு, பின்னது அறியாமை. மனிதரைத் தொழிலால் பிரித்து, ஒன்றை உயர்வென்றும் ஒன்றைத் தாழ்வென்றும் எண்ணியே, ஆறாம் வகுப்பில் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். கண்ணாடிச் சில்லில் இரு தெள்ளுகளுக்கிடையே வேறுபாடு காணக் கற்பித்தவர் என் தந்தையார். அவரையே நான் சரியாகக் காணவில்லை.

என் பொய் அவருக்குத் தெரியும் என்பதைப் பின்னாளில் அறிந்தேன். அவர் மறைந்தபின் அவருடைய பெட்டியைத் திறந்தபோது, என் பள்ளித் தேர்ச்சி அறிக்கைகள் அனைத்தும் வரிசையாய் அடுக்கி வைத்திருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் அவர் கையொப்பம். ஆறாம் வகுப்பு அறிக்கையில் 'தந்தையின் தொழில்: கிராணி' என்று எழுதியிருந்த வரிக்கு நேர் கீழேயும், பென்சிலால் இட்ட அதே தெளிவான கையொப்பம். அவர் என்னை ஒரு நாளும் கேட்டதில்லை.

முப்பதாண்டுகள் ஆசிரியப் பணி செய்தேன். பதிவேட்டைத் திறந்து தந்தையின் தொழிலைக் கேட்கும் நாளில், எந்தப் பிள்ளையாவது தயங்கினால் நான் நிமிர்ந்து அதன் முகத்தைப் பார்ப்பேன். "என் அப்பா எலித்தெள்ளு பிரித்தவர்" என்று முதலில் நான் சொல்லிவிடுவேன். வகுப்பு சிரிக்கும். சிரித்து முடித்தபின், அந்தப் பிள்ளை தன் தந்தையின் தொழிலை உரக்கச் சொல்லும்.